யூனிஸ் இடத்தில் உட்கார்ந்த பிள்ளை

ஞானசௌந்தரி பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சி முடித்து, ஆற்றங்கரை ஊர் ஒன்றின் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது 1911-இல். மூன்றாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள். நேற்று நடந்ததைச் சொல்லச் சொன்னால், பதினோரு பேரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்.

"ஆத்துக்குப் போனேன். குளிச்சேன். வந்தேன்."

அவள் விடவில்லை. "யாரு கூடப் போனே? தண்ணி சுட்டுதா, குளுந்துதா? அங்கன என்ன வாசம் வந்துது? யாரு என்ன பேசினாவ?" என்று ஒவ்வொருவரையும் துருவித் துருவிக் கேட்டாள். ஒரு மாதத்தில் பேச்சித்தாய் என்ற ஏழு வயதுப் பெண், படித்துறையில் பாட்டம்மா ஒருத்தி தவறவிட்ட மஞ்சள் துண்டு உருண்டோடிய கதையைக் கால்மணி நேரம் சொன்னாள். ஞானசௌந்தரிக்குப் பெருமை தாங்கவில்லை.

தலைமை ஆசிரியர் அப்பாத்துரைக்கு அது பிடிக்கவில்லை. "கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும், டீச்சரம்மா. இதென்ன வளவளன்னு?" என்றார்.

அவருக்கு வேறு கவலை இருந்தது. ஹாஜர் பட்டியலில் மூன்றாம் வகுப்புக்கு மட்டும் பதினேழு பேர். ஆறு பேர் ஊரைவிட்டே போய்விட்டவர்கள். பட்டியலில் பெயர் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்று பயந்து, அவர் பெயர்களை அடிக்காமலே வைத்திருந்தார். பட்டியலைச் சரிபார்க்கப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஆறு பிள்ளைகளை வண்டியில் கூட்டிவர ஏற்பாடு செய்தார்.

"இது சரியா, ஐயா?" என்று கேட்டாள் ஞானசௌந்தரி.

"பள்ளிக்கூடத்தை மூடிட்டா உங்க பதினோரு பிள்ளையளும் ஆடு மேய்க்கப் போவும். அது சரியா?"

அவள் வகுப்புக்குத் திரும்பிப் போனாள்.

இன்ஸ்பெக்டர் குற்றாலலிங்கம் பிள்ளை வந்தார். பெயர்களை வாசித்தார், பதினேழு குரல் "உள்ளேன் ஐயா" என்றன. கணக்குக் கேட்டார், வாசிக்கச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகவே முடிந்தது. அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு எழப்போன நேரத்தில், ஞானசௌந்தரியின் நாக்கு சும்மா இருக்கவில்லை. "ஐயா, எங்க பிள்ளைகள் சொந்தக் கதை நல்லாச் சொல்லும்" என்றாள். அப்பாத்துரை அவளைப் பார்த்த பார்வையை அவள் கவனிக்கவில்லை.

"அப்படியா? இன்னைக்குக் காலையில நடந்ததை ஒருத்தர் சொல்லட்டும்."

பேச்சித்தாய் எழுந்தாள். இன்ஸ்பெக்டரின் மீசையைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது. "பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். உக்காந்தேன்."

"அவ்வளவுதானா?"

மானம் போகிறதே என்ற தவிப்பில் ஞானசௌந்தரி பழக்கதோஷமாகக் கேட்டுவிட்டாள்: "யாரு பக்கத்துல உக்காந்தே, பேச்சி? நல்லா நெனச்சுச் சொல்லு."

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது உறைத்தது. ஆனால் பேச்சித்தாயின் முகம் தெளிந்துவிட்டது.

"யூனிஸ் எடத்துல உக்காந்திருக்க பிள்ளை பக்கத்துல உக்காந்தேன். யூனிஸ் தை மாசமே கொழும்புக்குப் போயிட்டா, தேயிலை பறிக்க. இந்தப் பிள்ளை பேரு சாரம்மாள். அக்கரையிலேருந்து வண்டியில வந்தா. ஆத்துல எறங்கயில பாவாடை நனைஞ்சிட்டு. ஐயா வீட்டு அக்கா பாவாடையைக் குடுத்தாவ. மஞ்சப் பாவாடை. பொட்டியில கெடந்த வசம்பு வாசம் இன்னும் அடிக்கி. யூனிஸ்னு கூப்பிட்டா எந்திரிக்கணும்னு ஐயா மூணு தடவை சொல்லிக்குடுத்தாவ. ரெண்டு தடவை இவ எந்திரிக்கவே இல்ல. ஐயா தலையில கைய வச்சிக்கிட்டு, 'ஏசுவே, என்னைக் காப்பாத்தும்'னாவ."

அப்பாத்துரையின் கை மறுபடியும் தலைக்குப் போனது. ஞானசௌந்தரி இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள். இருந்தாலும் அவளுக்குள் வெட்கமில்லாத ஒரு சந்தோஷம்: நிறம், வாசம், பேச்சு, ஒன்றுகூட விடவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பிள்ளை பயந்து அழுதுதா?"

"இல்ல ஐயா. பொரிகடலை குடுத்தாவ. சிரிச்சா."

அவரும் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். "யாரு உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?"

"டீச்சரம்மா" என்று பேச்சித்தாய் கையை நீட்டினாள்.

அன்று அவர் ஒரே பக்கத்தில் இரண்டு வரி எழுதினார். 'மூன்றாம் வகுப்பு: வாய்மொழிப் பயிற்சி மிக நன்று. ஹாஜர் பட்டியல் பொய்.' ஆறு மாதத்தில் உண்மையான பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் பள்ளிக்கூடம் மூடப்படும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு அப்பாத்துரை அவளோடு பேசவில்லை. இனி பசுவைப் பற்றி மட்டுமே பிள்ளைகள் சொல்லலாம் என்று ஒரு சீட்டில் எழுதியனுப்பினார்.

மூன்றாவது வாரம், அக்கரையிலிருந்து சாரம்மாளை அவள் தாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். உண்மையில் இழுத்தது பிள்ளைதான். "வீட்டுல இருக்க மாட்டேங்கா, ஐயா. பள்ளிக்கூடம் போவணும்னு ஒரே அழுகை. பின்னால இன்னும் நாலு பிள்ளையள் வருது" என்றாள் தாய்.

அப்பாத்துரை பட்டியலைத் திறந்து, பேனாவை மையில் தோய்த்தார். "பேரு என்ன, புள்ள?"

சாரம்மாள் அவரையும் ஞானசௌந்தரியையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்தப் பேரு ஐயா?"

அவர் பட்டியலில் யூனிஸ் என்ற பெயரை அடித்தார். "உன் பேருதான், தாயி" என்றார் பைய.

ஆறு மாதம் முடியுமுன் மூன்றாம் வகுப்பில் பத்தொன்பது பேர். எல்லாம் தம்முடைய விடாமுயற்சி என்று அப்பாத்துரை மிஷனுக்கு எழுதினார். ஞானசௌந்தரி மறுக்கவில்லை, பிள்ளைகள் உட்கார இன்னொரு பாய் வேண்டுமென்று மட்டும் கேட்டாள்.