சேந்தனேரி வடகரையில் அசையாது நின்ற பன்னிரண்டு ஒளிகள்

1971ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 19ஆம் நாள், சனிக்கிழமை. பகலில் கடும் வெயில், பிற்பகலில் மேல்காற்று புழுதியோடு வீசிற்று, அந்திக்குப் பின் வானம் தெளிந்தது, மழை இல்லை. பூதலூருக்குத் தெற்கேயுள்ள சேந்தனேரியின் வடகரையில் அன்று பன்னிரண்டு குடிசைகள் தரையிலிருந்து பனைமர உயரத்தில் நின்றன. முதல்நாள் பண்ணையார் சிங்காரவேலுவின் ஆட்களால் பிரித்தெறியப்பட்ட குடிசைகள் அவை. குறுவை நடவுக்கு அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டதே குடியிருந்தோர் செய்த குற்றம். எறியப்பட்ட கீற்றும் மூங்கிலும் இரவோடிரவாக மேலே சென்று, தத்தம் மனைக்கு நேராக முன்போலவே கூடிக்கொண்டன. குடியிருந்தோர் கயிற்றேணி கட்டி ஏறினர். கோழிகளைக் கூடையில் வைத்துத் தூக்கினர். ஊரார் இதனைவிடக் கூலித் தகராறு குறித்தே மிகுதியாகப் பேசினர்.

அன்றிரவு தென்கரையில் அப்துல் வஹாப் தம் காமிராவை ஸ்டாண்டில் பொருத்தி வடக்கு நோக்கி நிறுத்தினார். பூதலூர் ரயில் நிலையத்தின் எதிரே ஸ்டூடியோ நடத்திவந்த அவர், நிலவில்லா இரவுகளில் ஏரியின் மேலுள்ள வானத்தைப் படம்பிடிக்கும் வழக்கமுடையவர். ஒன்பது மணிக்கு லென்ஸைத் திறந்தால் இரண்டே முக்காலுக்குத்தான் மூடுவார். பூமி சுழலுதலின் காரணமாக ஒவ்வொரு விண்மீனும் படத்தில் வளைகோடாக விழும். அசையாதது மட்டுமே புள்ளியாக விழும். அன்றைய படத்தில், எண்ணற்ற கோடுகளின் அடியில், நீருக்குச் சற்று மேலே பன்னிரண்டு புள்ளிகள் இருந்தன.

அவ்வாண்டின் பிற்பகுதியில் சட்டமொன்று வந்தது. ஜூன் 19ஆம் நாளன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தமாகும் என்பது அதன் சாரம். அந்நாளில் வடகரையில் ஒருவருமில்லை, குடிசைகள் பின்னர் வந்தவை என்று சிங்காரவேலு மனுக்கொடுத்தார். விண்ணப்பப் படிவத்தில் உயரத்துக்கெனத் தனிக்கட்டம் இல்லாமையால், குடிசைகள் மேலே நிற்பது குறித்து அதிகாரிகள் எவரும் வினவவில்லை. தேதியே வழக்காயிற்று. வஹாபின் படம் சான்றாயிற்று. ஏனெனில் அதே பிலிம் சுருளில் அதற்கு அடுத்த படம், மறுநாட்காலை நடந்த சிங்காரவேலுவின் பேரனுடைய காதணி விழாவாகும். குழந்தையை மடியில் வைத்திருந்தவர் அவரே. அழைப்பிதழில் தேதி அச்சாகியிருந்தது.

விசாரணைக்கு எழுபது நாள் இருக்கையில், நடவாளும் கைம்பெண்ணுமான அம்சம் ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"பாய், அன்னிக்கி ராத்திரி பண்ணைக் காரியக்காரரு டார்ச் அடிச்சிக்கிட்டுக் கீழ சுத்துனாரு. பயத்துல நான் விளக்க ஊதிட்டேன். மத்த பதினொரு வீட்லயும் விளக்கு எரிஞ்சுது. என் வீடு இருட்டு."

"படத்துல பன்னெண்டு இருக்கே, அம்சம்."

"அப்ப அந்தப் பன்னெண்டாவது யாருங்க?"

வஹாப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அம்சத்தின் குடிசை இருக்கும் இடக்கோடியில் தனித்து நின்ற புள்ளி துருவ நட்சத்திரம். இப்பகுதியில் அது வடக்கே மிகத் தாழ்ந்து, ஏறக்குறைய அக்குடிசைகளின் உயரத்திலேயே தோன்றும்.

"என்னையக் கேட்டா உள்ளதச் சொல்லிடுவேம்மா."

"கேக்காட்டி?"

"கேக்காட்டி வாயத் தொறக்க மாட்டேன்."

அக்கேள்விக்கு அஞ்சியே இருவரும் எழுபது நாளைக் கழித்தனர். வஹாப் இருட்டறையில் விளக்கை அணைக்க மறந்து இரண்டு கல்யாணச் சுருள்களைப் பாழாக்கினார். அம்சம் சட்டிபானைகளை மூட்டையாகவே கட்டி வைத்திருந்தாள். சமைக்கும்போது மட்டும் அவிழ்ப்பாள்.

1972 பிப்ரவரியில் விசாரணை நடந்தது. தனித் தாசில்தார் புள்ளிகளை உரக்க எண்ணினார், பன்னிரண்டு என்றார். அம்சம் மூச்சுவிட்டாள். ஆயினும் சிங்காரவேலு பஞ்சாங்கம் கற்றவர்.

"அந்தக் கடைசிப் புள்ளி துருவ நட்சத்திரங்க. அதுக்கும் சேத்து ஒரு பட்டா போட்டுக் குடுத்துடுங்க" என்று நகைத்தவர், அம்சத்தின் பக்கம் திரும்பினார். "ஆகாசத்துல குடித்தனம் பண்றவளுக்குப் பூமியில எதுக்குடி மனை?"

"ஏறி எறங்கி முட்டி தேயுதுங்க. அதுக்குத்தான்."

தாசில்தார் வஹாபை வினவினார். அம்சத்தைப் பாராமலே அவர், "ஆமாங்க, நட்சத்திரம்தான்" என்றார்.

எனினும் நட்சத்திரத்தைத் தம் கண்ணால் காணாமல் தீர்ப்பெழுதத் தாசில்தாருக்கு மனமில்லை. அன்றிரவே காமிரா நின்ற இடத்தில் நின்று பார்ப்பதென்றும், அம்சம் விளக்கேற்றாமல் தன் குடிசையில் இருக்கவேண்டுமென்றும், அவ்விடத்தில் ஒளி தெரியின் அவள் மனு தள்ளுபடியாகுமென்றும் உத்தரவிட்டார். இருட்டியது. பதினொரு விளக்குகள் எரிந்தன. வானமெங்கும் மீன்கள் பூத்தன. துருவன் நிற்கவேண்டிய இடம் மட்டும் இருண்டு கிடந்தது. வஹாப் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சிங்காரவேலு டார்ச் வெளிச்சத்தில் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

துருவன் அப்பொழுது அம்சத்தின் அடுப்போரத்தில், புளியங்கொட்டை அளவினதாய் இருந்தது. குடிசை முழுவதும் வெளிச்சமாயிற்று. அவள் ஏதும் கேளாமல் சோற்றுப்பானையை அதன்மேல் கவிழ்த்தாள். பானையின் விரிசல் வழியே ஒளி கசிந்தது. முந்தானையை அதில் அடைத்து, பானையை வயிற்றோடு அணைத்து உட்கார்ந்தாள். "செத்த பேசாம இரு. ஜீப்பு போவட்டும்" என்றாள். பானை சூடேறவில்லை, அவளுக்குத்தான் உடல் முழுதும் வேர்த்தது.

தாசில்தார் எட்டே கால் வரை காத்திருந்தார். நட்சத்திரம் காணப்படவில்லை, ஆகவே படத்திலுள்ளது மனுதாரரின் விளக்கே என்றெழுதிப் பன்னிரண்டு மனைகளுக்கும் கையொப்பமிட்டார். மை உலருமுன் குடிசைகள் பன்னிரண்டும் இறங்கித் தத்தம் மனையில் அமர்ந்தன. சேதம் ஒரு கோழிமுட்டை. ஜீப் புறப்பட்டது. சிங்காரவேலு வடக்கே அண்ணாந்து பார்த்தபடியே வரப்பில் நடந்து, இருமுறை வாய்க்காலில் இறங்கினார்.

அம்சம் பானையை வாசலுக்குத் தூக்கிவந்து நிமிர்த்தினாள். துருவன் நீரின்மேல் தாழப் பறந்து, எழும்பி, தன் இடத்தில் நின்றது. தென்கரையில் தனித்திருந்த வஹாப் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்: இரவு 8 மணி 41 நிமிடம்.