சுத்தமாக வந்த குப்பை

1

இந்தக் கதை ஓர் இரும்பு வில்லையிலிருந்து வந்தது. பட்டறைக் குப்பையில் பொறுக்கியது. இப்போது என் காகிதங்கள் பறக்காமல் அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது. விளிம்பு அவ்வளவு நேர். இத்தனை சுத்தமாக வெட்டி யார் வீசுவார்கள்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நீலச் சுடர் தகட்டின்மேல் நடனமா—'

[வேண்டாம். பட்டறையில் எதுவும் நடனமாடாது. ஆடினால் போல்ட்டை முறுக்குவோம்.]

2

பிளாஸ்மா மெஷினில் தகடு வெட்டுகிறவன் அண்ணன். வெட்டின் அடியில் உருகி ஒட்டிய கசடைத் தேய்த்தெடுப்பவள் தங்கை. பட்டறையில் அவளுக்குப் பெயரே கிரைண்டர்தான். அண்ணன் சீக்கிரமே வேறு வேலைக்குப் போகப்போகிறான். முதலாளி அவளிடம் சொல்லிவிட்டார்: "நடுவுல ஓட்டை வச்சு ஒரு தகடு வெட்டி வை. சாயங்காலம் வந்து பாக்குறேன். நல்லா இருந்தா மெஷின் உனக்கு. இல்லன்னா பழையபடி தேய்."

அவள் காற்றுக்குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்தாள். சுடர் கக்கும் டார்ச்சைக் கொஞ்சம் இறக்கினாள். வேகத்தைக் கூட்டினாள்.

"அவ்வளவு வேகம் வேணாம்."

"நீ வெட்டுற வேகத்துக்கு ஆமையே ஹார்ன் அடிக்கும்ண்ணே. அதான் அவ்வளவு கசடு."

* வேகம் குறைந்தால் கசடு சேரும். மிஞ்சினால் அடிவரை அறுபடாது. இந்தக் கதையின் முந்தைய வரைவு இரண்டாவது ரகம்.

3

வெட்டி முடித்ததும் தகட்டைக் கவிழ்த்து விரலை ஓட்டினாள். பொட்டுக் கசடு இல்லை. சிரித்தாள். காலமெல்லாம் அடிப்பக்கம் தேய்த்தவள் வேறெங்கே பார்ப்பாள்?

அண்ணன் ஓட்டையின் விளிம்பில் மூலைமட்டத்தை வைத்தான். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. சாய்வு.

"டார்ச்ச எப்படிச் சுத்த விட்ட?"

"கடிகாரம் சுத்துற மாதிரி."

"வெளி விளிம்புக்கு அது சரி. ஓட்டைக்கு எதிர்ப்பக்கமா விடணும்டி. டார்ச்சுக்குள்ள காத்து சுழண்டுக்கிட்டே வருது. டார்ச் போற வழிக்கு வலது பக்கந்தான் நேரா வெட்டும். இப்ப நல்ல பக்கம் எங்க இருக்கு பாரு."

ஓட்டையிலிருந்து அறுந்து கீழே விழுந்த வில்லையை எடுத்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது.

"குப்பைக்குப் போறதுக்கு என்னா அலங்காரம்," என்றான்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"எங்க கேட்ட? ஆமைக்கு ஹார்ன் அடிச்சிட்டு இருந்த."

4

முடிவு ஒன்று: முதலாளி வில்லையைத் தடவிப் பார்த்து, கண் கலங்—

[முதலாளிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். அடுத்தது.]

முடிவு இரண்டு: அண்ணன் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். [அவனுக்கு அந்தப் பழக்கமே இல்லை.]

நடந்தது இவ்வளவுதான். இன்னொரு துண்டுத் தகட்டை அண்ணன் மேசையில் ஏற்றினான். அவள் சுற்றும் திசையை மாற்றினாள். வேகத்தில் கை வைக்கவில்லை. வாசலில் முதலாளியின் வண்டி நின்றது.

"சீக்கிரம்டி."

"அது போற வேகத்துலதான் போகும்," என்று பொத்தானை அழுத்தினாள்.

என்னிடம் இருப்பது முதல் வில்லை. இரண்டாவது வில்லை நேராக இருந்தால் ஓட்டை கோணல்; அவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருப்பாள். வில்லை கோணலாக இருந்தால் மெஷின் அவளுடையது. நான் தேடவில்லை. குப்பை அங்கேயேதான் கிடக்கிறது. நீங்கள் போய்க் கிளறுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.