ஒரு எட்டு வாங்களேன்

என் வீட்டுக்காரர் குற்றாலலிங்கத்துக்கு ஒரு வியாதி உண்டு. யாரோடு போனில் பேசினாலும் "ஒரு எட்டு வாங்களேன்" என்று சொல்லாமல் வைக்க வராது. தவறான எண்ணில் அழைத்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அவர் வேலூர்க்காரர்.

அதனால் இந்தச் சாரல் சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு வாரம் தங்குவது என்று முடிவானதும் நான் இரண்டு நிபந்தனை போட்டேன். ஏழு நாளும் கரண்டியைத் தொட மாட்டேன். நாம் போவது யாருக்கும் தெரியக்கூடாது. என் அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய விடுப்பு அது. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் எனக்கென்று நான் கேட்ட முதல் வாரம்.

"யார்ட்ட சொல்லப் போறேன்? வாயத் தச்சுக்கிடுதேன்" என்றார்.

ஐந்தருவிச் சாலையில் வீடு எடுத்திருந்தார். உள்ளே கேஸ் அடுப்பு இருந்தது. அதைப் பார்த்ததுமே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். முதல் நாள் நன்றாகத்தான் போனது. சாரல் முகத்தில் அடிக்க, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

இரண்டாம் நாள் காலையில் வாசலில் வேன் நின்றது. அவருடைய அக்கா ஆவுடைத்தாய் மதினி, அவர் கணவர், பிள்ளைகள், கூடவே ஒரு சாக்குத் தேங்காய்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மதினி?"

"நேத்து தம்பிக்கு போன் போட்டேன். 'குத்தாலத்துல இருக்கோம், ஒரு எட்டு வாங்களேன்'ன்னான். கூப்பிட்ட பெறகு வராம இருந்தா நல்லாருக்குமா? ஓட்டல் சாப்பாடு ஒங்க அண்ணனுக்கு ஒத்துக்கிடாது. ஒன் கையால தேங்காப்பால் ஊத்தி ஒரு சொதி வையி, போதும்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் அவருடைய சிநேகிதர் செந்தூர்பாண்டி குடும்பத்தோடு வந்து இறங்கினார்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், லேகா. வருவான்னு நெனைக்கல."

"பேச்சுக்குக் கூப்பிட்டவங்களுக்குத் தட்டுல பேச்சையே போடுங்க."

குற்றாலத் தண்ணீர் மேலே பட்டால் பசி பிடுங்கும். அத்தனை பேரும் அருவிக்குப் போவதும் பசியோடு வருவதுமாக இருந்தார்கள். மூன்று நாளில் என் தலை நனைந்தது குக்கர் ஆவியில்தான்.

நான்காம் நாள் எல்லாரும் பேரருவிக்குக் கிளம்பிப் போனார்கள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போடலாமென்றால் அதை இன்னும் உரிக்கவே இல்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்களைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் வருகிறார்கள். அப்படியானால் பாளையங்கோட்டையில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டுக்கு யார் வரப் போகிறார்கள்?

துருவலை மூடி வைத்தேன். 'வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வாரேன்' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

தலை நிறைய எண்ணெய் தேய்த்து, மொட்டை மாடித் தொட்டி காலியாகும் வரை எங்கள் வீட்டுக் குழாய்க்கடியில் உட்கார்ந்தேன். பேரருவி பிச்சை வாங்க வேண்டும். மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு. காலிங்பெல் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ஊரே அமைதியாகக் குற்றாலத்தில் இருந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் போன் வந்தது.

"லேகா, பதினோரு பேருக்கு ரசத்துக்கு உப்பு எவ்வளவு?"

"நாக்குல வச்சுப் பாருங்க."

"வச்சுப் பாத்துட்டுத்தான் கேக்கேன்." பின்னால் குக்கர் கத்தியது. "ரெண்டு நாளா கரண்டியும் கையுமா நிக்கேன். ஒருத்தரும் எந்திரிச்சு வரல. நீ இத்தன வருஷமா இப்படித்தான் நின்னியோ?"

எனக்கு மனசு இளகிவிட்டது. பொய் சொல்வானேன், கண்ணும் கலங்கியது.

"அங்கன தனியா இருக்கியே. நானும் ஒரு எட்டு வந்திரட்டா?"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வியாதி எனக்கும் ஒட்டியிருக்கிறது. என்னைக் கேட்காமலே வாய் திறந்து, "வா..." வரைக்கும் வந்துவிட்டது.

"வா... வாளி நெறஞ்சு வழியுது, பெறகு பேசுதேன்" என்று போனை வைத்தேன். விடுப்பில் இன்னும் ஒரு முழு நாள் பாக்கி இருந்தது.