ஆறிப்போன முதுகு

என் முதுகு நன்றிகெட்ட முதுகு. இரண்டே கிழமையில் ஆறிவிட்டது. வேறொருவனுக்கு இப்படி ஆறியிருந்தால் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தியிருப்பான். நான் இன்றைக்கும் அதைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் வவுனியாவில் ஒரு முகாமில் ஒதுங்கியிருந்தோம். நான், மனைவி றோஸ்மேரி, அவளுடைய தம்பி றெஜி. கடல் இல்லாத ஊரில் கடற்றொழிலாளிக்கு என்ன வேலை கிடைக்கும்? நானும் மச்சானும் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினோம். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பொலிசார் வீதியில் மறித்தார்கள். வவுனியாவில் தங்கி நடமாடத் தரும் பாஸ் றெஜிக்கு முதல்நாளே முடிந்திருந்தது. புதியதற்குக் கொடுத்திருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அந்தச் சிங்களம் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரே அறையில்தான் வைத்து அடித்தார்கள். றெஜியைப் புலி என்றார்கள். அவன் இல்லை என்று சொல்லச் சொல்ல, மண் நிரப்பிய குழாயால் என் முதுகில் போட்டார்கள். நான் கத்துவதைக் கேட்டால் அவன் இளகுவான் என்பது அவர்களுடைய எண்ணம். அவர்கள் எண்ணியபடியே நடந்தது.

“அத்தானை விடுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்” என்று அழுதான். சிங்களத்தில் எழுதியிருந்த எதற்கோ, என்னவென்று தெரியாமலே கையெழுத்து வைத்தான்.

மறுநாள் ஆலை முதலாளி வந்து பேசி என்னை மட்டும் வெளியே எடுத்தார். றெஜியை விடவில்லை.

என் சட்டையைக் கழற்றிப் பார்த்த றோஸ்மேரி அழவில்லை. எங்கள் கரையில் பெண்கள் காயத்தைக் கண்டால் அழமாட்டார்கள், அடுப்பை மூட்டுவார்கள். கரைவலை இழுக்க வராதவனுக்கு மீனில் பங்கு இல்லை. ஆகவே திருக்கை முள் குத்தினாலும் சரி, கயிறு கையை அறுத்தாலும் சரி, ஆளைக் கெதியாக எழுப்பிக் கடலுக்கு அனுப்புவதுதான் அங்கே கெட்டித்தனம். றோஸ்மேரியின் தாய் அதில் பேர்போனவர். மகள் தாயையும் மிஞ்சியவள்.

“ஆஸ்பத்திரிக்குப் போவமே?” என்று கேட்டேன்.

“விசரே உங்களுக்கு? வாசலிலையே பொலிசு இருக்கு. ஆர் அடிச்சதெண்டு கேட்டா என்ன சொல்லுவியள், சைக்கிளாலை விழுந்ததெண்டோ? உள்ளுக்கை கிடக்கிற பெடியனை இன்னும் போட்டு அடிப்பாங்கள்.”

முகாமில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பொலிசில் அடி வாங்கினால் வாயைப் பொத்திக்கொண்டு படுக்க வேண்டும். அதைவிட வேறு சட்டம் எங்களுக்குத் தெரியாது.

நொச்சி இலையை வதக்கிச் சீலையில் முடிந்து ஒத்தணம் போட்டாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினாள். எங்கேயோ அலைந்து சுறாக் கருவாடு வாங்கி வந்து, காயம் ஆறுவதற்கென்று சரக்கரைத்துக் கறி வைத்தாள். இரத்தம் காய்ந்திருந்த என் சட்டையை ஊறவைத்துக் கும்மித் தோய்த்து, வெயிலில் போட்டு, திரும்பவும் கும்மி, கடைசியில் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

“பாருங்கோ, ஒரு பொட்டும் இல்லை.”

“என்ரை முதுகையும் இப்பிடியே ஆக்கிப்போடுவாய். புது முதுகெண்டு பொலிசு திரும்பக் கூப்பிடப் போகுது” என்றேன்.

“நாசமாப் போன கதை கதையாதேங்கோ” என்று சிரித்தாள். தம்பியைப் பிடித்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அதன் பிறகுதான் எங்கள் கோயில் பங்கின் பாதர் ஒரு சட்டத்தரணியை முகாமுக்குக் கூட்டிவந்தார். தவராசா என்று பெயர். றெஜிக்காகக் கோட்டில் வழக்காடச் சம்மதித்திருந்தார்.

“மரியநேசன், முதல் உங்கட முதுகைக் காட்டுங்கோ” என்றார்.

றோஸ்மேரிதான் முந்திக்கொண்டு என் சட்டையைத் தூக்கினாள். “நல்லா மாறிட்டுது ஐயா. ஒண்டும் தெரியாது.”

அவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “படம் ஏதும் எடுத்தனீங்களே? டொக்டர் ஆரும் பாத்தவையே? அண்டைக்குப் போட்டிருந்த சேட்டு எங்கை?”

றோஸ்மேரி சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மடிப்புக் குலையாமல் இருந்தது. அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

“றெஜி கையெழுத்து வைச்சது, தான் புலியெண்டு ஒத்துக்கொண்ட வாக்குமூலத்திலை. பயங்கரவாதச் சட்டத்திலை அது கோட்டிலை செல்லும். அடிச்சுத்தான் வாங்கினதெண்டு நாங்கள்தான் காட்டவேணும். அவன்ரை உடம்பிலை அடையாளம் போகுமட்டும் வெளியிலை கொண்டுவரமாட்டாங்கள். அதே அறையிலை, அதே நேரம் அடிவாங்கின உங்கட முதுகைத்தான் நம்பி வந்தனான்.”

பிறகு றோஸ்மேரியைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: “இனி ஆரும் இப்பிடி வந்தா, கழுவ முதல், எண்ணெய் பூச முதல், டொக்டரிட்டைக் காட்டுங்கோ. பயமெண்டா பாதரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. உடுப்பைத் தோய்க்காதேங்கோ.”

“எனக்கு இதை ஆர் ஐயா சொன்னது?” என்று றோஸ்மேரி கேட்டாள்.

இருந்தாலும் தவராசா என்னை, கோட்டுக்கு அறிக்கை கொடுக்கும் சட்ட வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அந்த வைத்தியர் நல்ல மனிதர். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அமர்த்திப் பார்த்தார். இதை வைத்துத் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். உள்ளதைத்தானே அவர் சொல்ல முடியும்.

முகாமுக்குத் திரும்பியதும் றோஸ்மேரி எனக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டையைத் தூக்கி விரலால் தேடினாள்.

“இதிலை நோகுதே?”

“இல்லை.”

“இதிலை?”

“ஓம், நோகுது” என்று பொய் சொன்னேன். இன்னும் அழுத்தினாள். பொய் என்று தெரிந்துவிட்டது. அன்றைக்குக் காயத்தைக் கண்டு அழாதவள், இப்போது என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவளுடைய கைகளைப் பிடித்து, நீ பிழை ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. அந்தக் கை நொச்சி பிடுங்கப் போகாமல் இருந்திருக்கலாமே என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. அதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

வழக்கில் கையெழுத்துத்தான் நின்றது. றெஜியைத் தெற்கே ஒரு சிறைக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் பாதர் பாஸ் எடுத்துத் தந்து, இரண்டு பேரும் பார்க்கப் போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய் நின்றான். அவன்தான் முதலில் பேசினான்.

“அத்தான், முதுகு எப்பிடி? அண்டைக்கு நீங்கள் கத்தினது இன்னும் காதுக்கை கிடக்குது.”

நான் றோஸ்மேரியைப் பார்த்தேன். அவள் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாறிட்டுது” என்றேன்.

“முழுக்கவோ?”

“முழுக்க. அக்காதான் பாத்தவா.”

றெஜியின் முகம் மலர்ந்தது. வலைக்குள்ளால் இரண்டு விரலை விட்டுத் தமக்கையின் கையைத் தொட்டான்.

“அது காணும் அக்கா” என்றான். “நான் கையெழுத்து வைச்சது வீணாப் போகேல்லை.”