பெருந்தேவி கற்பித்த பிரெஞ்சு

கிழக்கே சென்னை மாநகரினின்றும் புறப்பட்டு மேற்கே பெங்களூரு நோக்கி ஓயாது பெருகியோடும் நெடுஞ்சாலையின் இருமருங்கும், ஒருகாலத்தில் நெல்லும் எள்ளும் விளைந்து, பின்னர் முள்வேலியும் மதிலும் எழுந்து, இந்நாளில் இரும்பும் கண்ணாடியும் மகிழுந்துகளாய் உருக்கொண்டு வெளிவரும் திருப்பெரும்புதூர் வட்டாரத்திலே, புத்தாயிரம் பிறந்து மூன்றாண்டுகள் கழிந்த ஓர் ஆடித் திங்களின் காலைப்பொழுது புலர்ந்தது. இரவெல்லாம் இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் நின்றபடியே உழைத்த இளைஞர்கள், சிவந்த கண்ணும் கசங்கிய சீருடையுமாய்ப் பேருந்துகளினின்றும் இறங்கி, வாடகை அறைகளை நோக்கித் தளர்நடை நடந்தனர். அவ்வறைகளில் அதுகாறும் உறங்கியவர்கள், அவர்களுக்குப் பாயை ஒழித்துக் கொடுத்துவிட்டு, அதே பேருந்துகளில் ஏறிச் சென்றனர். வற்றிய ஏரியின் புழுதியை வாரிக்கொண்டு வந்த ஆடிக்காற்று, தண்டலத்துத் தனியார் பள்ளியொன்றின் தகரக் கொட்டகையைத் தடதடவென்று தட்டியது. அக்கொட்டகையில் அன்று பிரெஞ்சு நாடகம் நிகழவிருந்தது.

தண்டலத்துப் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சு மொழிக்கும் என்ன உறவு என்று படிப்போர் வியக்கலாம். உறவு வேறொன்றுமில்லை, மதிப்பெண்தான். மேனிலை வகுப்பில் தமிழை எடுத்தால், எத்துணை அழகாய் எழுதினும் திருத்துவோர் இருநூற்றுக்கு நூற்றறுபதுக்குமேல் தர நெஞ்சம் இசையார். பிரெஞ்சை எடுத்தாலோ, ஆண்டுதோறும் வரும் வினாக்கள் பெரும்பாலும் வந்தவையே வருதலால், விடைகளை நெட்டுருப் போட்ட பிள்ளை நூற்றுத்தொண்ணூற்றை எளிதில் தாண்டும். ஆகவே மக்களைக் கரையேற்றத் துடித்த பெற்றோர், பேசத் தெரிந்த மொழியை விடுத்துப் பேசத் தேவையில்லாத மொழியில் அவர்களைச் சேர்த்தனர். இதில் யாரையும் குறைசொல்வதற்கில்லை.

அப்பள்ளியின் பிரெஞ்சு ஆசிரியை பெருந்தேவி, காஞ்சியிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி வருபவள், முப்பத்துநான்கு அகவையினள், பொறுமையும் ஒழுங்கும் உடையவள். ஆறாண்டுகளாய் அவள் கைப்பட எழுதிப் படியெடுத்து வழங்கிய விடைத்தாள்களால் எத்தனையோ பிள்ளைகள் மதிப்பெண் அள்ளினர். பாரிசு நகரின் அழகை நண்பனுக்கு விரித்துரைக்கும் மடல் ஒன்றை அவள் வகுப்பில் எந்தப் பிள்ளையும் தூக்கத்திலும் ஒப்பித்துவிடும். ஆயினும் அவளுள்ளத்தில் ஒரு முள் தைத்திருந்தது. அஞ்சல்வழிக் கல்வியில் அவள் பெற்ற பட்டம் கண்ணால் படித்துப் பெற்றது. காதால் கேட்டுப் பெற்றதன்று. அம்மொழியை நாவில் வைத்துப் பேசும் ஒருவரையும் அவள் வாழ்நாளில் கண்டதில்லை. யாரேனும் நேர்நின்று இரண்டு சொல் பேசிவிட்டால், ஆறாண்டுகளாய்த் தேடிவைத்த பெயரும் மதிப்பும் ஒருங்கே போய்விடும் என்னும் அச்சத்தை, அவள் எவரிடமும் சொல்லாமல் சுமந்து வந்தாள்.

அந்த முள்ளை அறியாமல் அழுத்தியவள் ஒருத்தி உண்டு. நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் ஆலைத் தொழிலாளர்க்குச் சோறாக்கிப் போடும் உணவுக்கடை வைத்திருந்த மாசானத்தின் மகள் மாரிசெல்வி, பதினொன்றாம் வகுப்பில் புதிதாய்ச் சேர்ந்தவள். “டீச்சர், தாகமா இருக்குன்னு இதுல எப்பிடிச் சொல்லணும்? கோவம் வந்தா எப்பிடி ஏசுவாங்க?” என்று அவள் கண்கள் விரியக் கேட்கும்போதெல்லாம், “மொதல்ல ஒழுங்கா எழுதக் கத்துக்கோ, அப்புறம் பாக்கலாம்” என்று கூறிப் பெருந்தேவி நழுவிவிடுவாள். அந்த அப்புறம் வராது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

இந்நிலையில், கடல்கடந்து வந்து புதுவையில் தங்கியிருந்த நாடகக் குழுவொன்று, பிரெஞ்சு பயிற்றும் பள்ளிகளுக்கெல்லாம் வந்து நாடகம் நடத்தி, பிள்ளைகளோடு உரையாடிச் செல்ல விரும்புவதாய் மடல் விடுத்தது. பள்ளித் தாளாளர் தணிகாசலம் அதைக் கண்டதும் துள்ளினார். பெற்றோர் அனைவரையும் அழைப்பதென்றும், உரையாடல் முழுதும் பிரெஞ்சிலேயே நிகழ வேண்டுமென்றும், நடிகர் கூறுவதைப் பெருந்தேவி அவ்வப்போது தமிழில் பெயர்த்துரைக்க வேண்டுமென்றும் ஆணையிட்டார். “நம்ம டீச்சர் அவுங்களோட சரிக்குச் சரி பேசுறத ஊரே பாக்கணும்” என்று அவர் கூற, பெருந்தேவி தலையசைத்து வந்தாள்.

அவள் செய்தது என்ன? அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே. தேர்வை அணுகுவதுபோல் நாடகத்தையும் அணுகினாள். கேட்கத்தக்க வினாக்கள் பத்தினைத் தேர்ந்து, பிரெஞ்சில் எழுதிப் பத்துப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு நெட்டுருப் போடச் செய்தாள். நடிகர்கள் என்ன விடை கூறக்கூடும் என்பதையும் தானே எண்ணி, அவற்றின் தமிழாக்கத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டாள். வினாவும் விடையும் கையில் இருக்க, வருவோர் வாயசைத்தாலே போதும் என்று அவள் ஒருவாறு தேறினாள்.

குழுவின் தலைவியாகிய கிளேர் என்னும் நடிகை, வண்டியினின்றும் இறங்கியவுடன் பெருந்தேவியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, அருவி கொட்டியதுபோல் ஏதோ கூறினாள். பெருந்தேவி முறுவலித்து, பிரெஞ்சில் “ஆம், ஆம்” என்றாள். கிளேர் காத்திருந்தாள், பெருந்தேவியும் முறுவலித்தபடியே நின்றாள். குழுவினருள் ஒருவன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிய பின்னரே, அவர்கள் கேட்டது குடிநீர் என்று விளங்கியது. 

நாடகமோ எளியது, மொழியறியாதவர்க்கும் விளங்கும்படி அமைந்தது. கடற்கரைச் சிற்றூரில் ஒரு தாய். அவள் மகள் தொலைநகர் ஆலையொன்றில் வேலை செய்கிறாள். மகள் விடுக்கும் மடல்களை அஞ்சற்காரன் கொண்டுவந்து தாய்க்குப் படித்துக் காட்டுகிறான். அவனுக்கோ எழுத்துத் தெரியாது. ஆனால் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டான். அரங்கின் ஒரு மூலையில் மகள் இருமியிருமி மடல் எழுத, மறுமூலையில் அவன் அதனைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு, அவள் ஆடிப்பாடி மகிழ்ந்திருப்பதாய் நடித்துக் காட்டினான். கொட்டகை சிரிப்பால் அதிர்ந்தது. தாய் மகிழ்ந்தாள், மகளைப் பார்க்கப் புறப்படவில்லை. கடைசியில் மகளிருந்த மூலை இருண்டுகிடக்க, வேறொருவர் கையெழுத்தில் ஒரு மடல் வந்தது. அஞ்சற்காரன் அதனை ஏந்தி நின்றான். எவ்வளவு முயன்றும் வாய் திறக்கவில்லை. தாய் அவன் முகத்தையே நோக்கியிருந்து, மெல்ல அந்த மடலை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். விளக்கணைந்தது. அதுவரை சிரித்த பிள்ளைகள் மூச்சுவிடவும் மறந்தனர்.

பெருந்தேவி ஒருமுறையும் சிரிக்கவில்லை. தலைகீழாய்ப் பிடித்த அந்தத் தாளைக் கண்டதுமுதல், அரங்கத்து விளக்கொளி முழுதும் தன்மீதே விழுவதாய் அவளுக்குப் பட்டது. தன் மடியிலிருந்த பத்து விடைகளையும் அவள் வெட்கத்தோடு மூடி மறைத்துக்கொண்டாள்.

உரையாடல் தொடங்கியது. முதல் மூன்று வினாக்களும் விக்கினமின்றிச் சென்றன. நான்காவதாய் ஒரு மாணவன் எழுந்து, எங்கள் ஊர் உணவு பிடித்திருக்கிறதா என்னும் பொருள்பட ஒப்பித்தான். கிளேர் கண்ணைச் சுருக்கி, நாவை நீட்டி, கையால் விசிறிக் காட்டி, நெற்றி வியர்வையையும் வழித்துக் காட்டினாள். பெருந்தேவி தாளைப் பார்த்து, “நம்ம சாப்பாடு ரொம்பப் பிடிச்சிருக்காம்” என்றாள். கொட்டகையில் சிரிப்பெழுந்தது. எத்தனை ஆண்டுகளாய் நடிக்கிறீர்கள் என்றதற்குக் கிளேர் நான்கு விரலைக் காட்ட, தாளில் பதினைந்தாண்டு என்றிருந்தது. அவள் பதினைந்து என்றே கூறிவிட்டாள். இம்முறை சிரிப்பில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். 

அந்நேரத்தில், பதின்மர் பட்டியலில் இல்லாத மாரிசெல்வி கையை உயர்த்தினாள். கிளேர் ஆவலோடு அவளைச் சுட்டினாள். மாரிசெல்வி எழுந்து, தமிழிலேயே கேட்டாள்.

“அந்த ஆளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு அந்த அம்மாவுக்கு மொதல்லயே தெரியும்லா? தெரிஞ்சும் எதுக்கு அவனையே படிக்கச் சொன்னாவ? டீச்சர், இத அவங்ககிட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

அன்பும் ஆவலும் தவிர வேறொன்றும் அவ்வினாவில் இல்லை. கிளேர் பெருந்தேவியை நோக்கினாள், தணிகாசலம் நோக்கினார், முந்நூறு பெற்றோர் நோக்கினர். பெருந்தேவி வாய் திறந்தாள். பாரிசு நகரின் அழகை விரித்துரைக்கும் மடல்தான் நாவின் நுனிவரை வந்தது. அதனையே எடுத்துவிட்டிருந்தால் பெற்றோருள் யாரும் அறிந்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபின் அவளால் அது இயலவில்லை.

“எனக்குத் தெரியாதும்மா” என்றாள். ஒலிபெருக்கி அக்குரலைக் கொட்டகையெங்கும் கொண்டுசென்றது. “இவங்க பேசுறது எனக்குப் புரியல. காலையிலேருந்து நான் சொன்னதெல்லாம் நானா எழுதி வச்சது. எனக்குப் பேச வராது. எழுதிக் கொடுக்க மட்டுந்தான் தெரியும். பிள்ளைங்களா, என்னை மன்னிச்சிடுங்க.”

அவள் நெஞ்சிலிருந்து ஆறாண்டுப் பாரம் இறங்கியது. அழுகையும் அமைதியும் ஒருசேர வந்தன. தணிகாசலம் பாய்ந்து வந்து ஒலிபெருக்கியைப் பற்றினார். “டீச்சருக்குக் கொஞ்சம் மயக்கமா கீது. காத்தால இருந்து ஒண்ணும் சாப்டல. எல்லாரும் ஜோரா கை தட்டுங்க!” என்றார். கொட்டகை முழுதும் கைதட்டியது. மாரிசெல்வி மட்டும் நின்றுகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை, இரவெல்லாம் எண்ணியெண்ணி எழுதிய பணிவிலகல் மடலோடு பெருந்தேவி தாளாளர் அறைக்குள் சென்றாள். அவர் அதனைப் படித்துவிட்டு, வியப்போடு அவளைப் பார்த்தார்.

“இன்னா டீச்சர் இது? நேத்து ஒரு பேரண்ட்டாவது இன்னா ஏதுன்னு கேட்டாங்களா? ரெண்டு பேர் வந்தாங்க, எங்க புள்ளையையும் பிரெஞ்சுல சேத்துக்கோங்கன்னாங்க. மார்க் வருதா? வருது. இத்த பேசி இன்னா பண்ணப் போறாங்க? போங்க, கிளாஸ் கீது.”

தூக்குமேடைக்குச் சென்றவளைக் கைகொடுத்து இறக்கிவிட்டதுபோல் இருந்தது. நன்றி கூறி வெளியே வந்தாள். வேலை தப்பியதை எண்ணி மகிழ்ந்தாள் என்பதையும் மறைப்பதற்கில்லை. திங்கட்கிழமை தேர்வாகையால், ஆறாம் பாடத்தின் விடைத்தாள்களை வழங்கிவிட்டு, ஒவ்வொரு வரியாய்ப் படிக்கச் செய்தாள். நாள்கள் முன்போலவே ஓடின.

பத்து நாள் கழித்து, மாசானம் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மொழிப்பாடத்தை மாற்றித் தமிழில் சேர்க்குமாறு மகள் எழுதிய விண்ணப்பம் அவர் கையில் இருந்தது. அதில் பெருந்தேவி ஒப்பமிட வேண்டும்.

“நீங்களே சொல்லுங்க டீச்சர்” என்று அவர் மன்றாடினார். “தமிழ்ல இவ நூத்தம்பது வாங்குனாலே பெருசு. இப்பம் போயி மாத்தச் சொல்லுதா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கா. நீங்க சொன்னா கேப்பா.”

பெருந்தேவி மாரிசெல்வியைத் தனியே அழைத்து, அவள் தோளைத் தொட்டாள். “எனக்குப் பேச வராதுன்னு தெரிஞ்சதாலயாம்மா?” என்றாள்.

மாரிசெல்வி தலையை அசைத்து மறுத்தாள். மெல்லச் சொன்னாள்.

“இல்ல டீச்சர். அன்னைக்கு நீங்க சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துட்டு. இனிமே நாம எல்லாரும் சேந்து மொதல்ல இருந்து படிப்போம்னு நெனச்சேன். ஆனா நீங்க மறுநாளும் வந்து அதே தாளத்தான குடுத்தீங்க.”

அக்குரலில் சினமில்லை, இருந்திருந்தால் தாங்குவது எளிதாய் இருந்திருக்கும். பெருந்தேவி மாசானத்திடமிருந்து வாங்கிய விண்ணப்பத்தைச் சுவரில் வைத்து ஒப்பமிட்டாள். மாசானம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பின்னர் வகுப்புக்குள் சென்ற பெருந்தேவி, கையிலிருந்த முப்பத்தொன்பது தாள் கொண்ட கட்டை மேசையின்மேல் வைத்துவிட்டு, நூல்களை மூடச் சொன்னாள். தனக்குத் தெரிந்த அளவில், பிழையோடேனும், எனக்குத் தாகமாயிருக்கிறது என்பதைப் பிரெஞ்சில் ஒருமுறை உரக்கச் சொன்னாள். பிள்ளைகளும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். வெளியே ஆலைப் பேருந்தொன்று ஒலியெழுப்பிக் கடந்தது. முப்பத்தெட்டு முகங்கள் அவளைக் குழப்பத்தோடு நோக்கின. முன்வரிசைப் பெண்ணொருத்தி, பணிவோடு எழுந்து நின்றாள்.

“டீச்சர், இது எக்ஸாம்ல வருமா?”

 பொய்யை ஒருநாள் துறப்பதற்கு ஒரு கணத்துத் துணிவு போதும். அடுத்த நாளும் துறந்திருப்பதற்கோ வாழ்நாள் முழுதும் வேண்டும் என்பதைப் பெருந்தேவி அன்று அறிந்தாள். அறிந்தும், அவள் கைகள் பழகிய வழியே நீண்டு தாள்கட்டை அவிழ்த்தன. “வராதும்மா” என்றாள். பிள்ளைகள் ஆறுதலோடு கைநீட்டி ஆளுக்கொரு தாளை வாங்கிக்கொண்டனர்; தாள்கட்டில் ஒரு தாள் மிஞ்சியது.