ஹார்லன் வாசித்த பிற்பகல்

ஜூலை மாதத்துக் கன்சாஸ் சிட்டியில் ஜன்னலைத் திறந்தாலும் புழுக்கம், மூடினாலும் புழுக்கம். பன்னிரண்டாம் தெரு நடனக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. ஆண்கள் எல்லோரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு பனியனோடு உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார்கள். பியானோவில் ஒடெல்லா. அந்த இசைக்குழுவுக்கு இப்போது அவள்தான் தலைவி.

ஏப்ரல் வரைக்கும் அந்த இடம் ஹார்லனுடையது. குழுவை உண்டாக்கியவனும் அவன்தான். பியானோவில் அவனுக்கு ஈடாக அந்த ஊரில் ஆள் கிடையாது. ஆனால் அவன் விரல்கள் ஓடுகிற ஓட்டத்துக்குப் பின்னால் மற்ற எல்லோரும் மூச்சிரைக்க ஓட வேண்டும். பின்தங்கியவனுக்கு அடி. தாளம் இழுத்தான் என்று, ஆளுயரத் தந்தி வாத்தியமான பேஸை வாசிக்கும் வெர்னெலின் தாடையை நாற்காலியால் அடித்து உடைத்தபோது, குழுவினர் கை தூக்கி ஓட்டுப் போட்டு அவனை வெளியே தள்ளினார்கள். வருஷக்கணக்காக அவன் பக்கத்தில் நின்று இசைக்குறிப்புத் தாளைப் புரட்டிக்கொண்டும், மற்ற வாத்தியங்களுக்கான பகுதிகளை எழுதிக்கொண்டும் இருந்த ஒடெல்லாவைத் தலைவியாக்கினார்கள்.

அவள் வாசிப்பது கொஞ்சம்தான். நாலு சுரம் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வாள். அந்த இடைவெளிக்குள் டிரம்பெட்டுகள் பாய்ந்து வரும். கூடம் குலுங்கும்.

அன்று பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஹார்லன் வந்தான். இஸ்திரி போட்ட கோட்டு, கையில் துப்பாக்கி. வழிமறித்த சாக்ஸபோன்காரனின் முகத்தில் அதன் அடிக்கட்டையால் ஓங்கி ஒன்று வைத்தான். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான்.

"எந்திரிடி," என்றான் ஒடெல்லாவிடம்.

"வேணாம் ஹார்லன். பேசிக்கலாம்."

"பேச என்ன இருக்கு? கோழி பொறுக்கற மாதிரி கொத்திக்கிட்டிருக்க. இதுக்குப் பேரு பியானோவா? எந்திரி."

எழுந்தாள். அவன் உட்கார்ந்து துப்பாக்கியைப் பியானோவின் மேல், தன் வலப்பக்கம் வைத்தான்.

"எல்லாரும் என் பின்னால வரணும். பிசகினவன் செத்தான். என்ன வெர்னெல், தாடை ஒட்டிக்கிச்சா?"

வெர்னெல் பேஸைத் தோளோடு அணைத்துக்கொண்டான்.

ஹார்லன் தொடங்கினான். ஒடெல்லா பழக்கதோஷத்தில் அவனுக்கு இடப்பக்கம், தாள் புரட்டுகிற இடத்தில் போய் நின்றாள். துப்பாக்கி அவளுக்கு எட்டாது. பியானோ விசைகளை மூடும் கனத்த மரமூடி எட்டும். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது அவன் இரண்டு கைகளையும் வலக்கோடிக்கு ஓடவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நொடியில் பத்து விரல்களும் விசைகளின் மேல்தான் இருக்கும். மூடியின் விளிம்பில் கை வைத்தாள்.

முதல் சுற்று முடிந்தது. அவள் மூடவில்லை.

அப்படி ஒரு வாசிப்பை அவள் கேட்டதே இல்லை. இடக்கை ரயில்போல உருண்டது. வலக்கை அதன்மேல் ஏறி நின்று அழுதது, சிரித்தது, கெட்ட வார்த்தை சொன்னது. மூன்று மாத அவமானமும் அந்த விரல்களில் இருந்தது. இன்னும் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று என்று அவள் மனசு கெஞ்சியது.

நடுவில் டிரம்ஸ் நின்றுபோனது.

ஹார்லன் திரும்பிப் பார்த்தான். டிரம்ஸ் வாசிக்கும் கிளியோஃபஸ் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, நக்கலா?"

"இல்லண்ணே..."

ஹார்லன் துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். கிளியோஃபஸின் முழங்கால் சிதறியது. பெரிய டிரம்மை இழுத்துக்கொண்டு அவன் கீழே சரிந்தான். இரண்டாவது குண்டு வெர்னெலின் பேஸைப் பிளந்துகொண்டு சுவரில் இறங்கியது.

"நிறுத்துனா எல்லாரையும் கொல்லுவேன்! வாசிங்கடா!"

துப்பாக்கியை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்தான். டிரம்பெட்காரர்கள் அழுதுகொண்டே ஊதினார்கள். மேடைப் பலகை இடுக்குகளில் ரத்தம் ஓடியது. அவன் கைகள் இரண்டும் வலக்கோடியைத் தொட்டபோது ஒடெல்லா தன் முழு பாரத்தையும் போட்டு மூடியை அறைந்து சாத்தினாள். எலும்புகள் முறிகிற சத்தம் சுரங்களோடு சேர்ந்தே கேட்டது. ஹார்லன் அலறினான். அவள் எழவில்லை. மூடியின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள்.

டிரம்பெட்காரன் ஒருவன் துப்பாக்கியைத் தட்டிவிட்டான். வெர்னெல் உடைந்த பேஸின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஹார்லனின் முதுகிலும் தலையிலும் விளாசினான்.

"போதும், செத்துருவான்!" என்று ஒடெல்லா கத்தினாள். ஆனால் உடனே கத்தவில்லை. நாலைந்து அடி விழட்டும் என்று இருந்துவிட்டுத்தான் கத்தினாள்.

ஹார்லன் பிழைத்தான், சிறைக்குப் போனான். வலக்கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்றவை மடங்கவில்லை. கிளியோஃபஸுக்கு முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த ஆஸ்பத்திரியில், கால் போன இடத்தில் போர்வை தட்டையாகக் கிடக்க, அவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒடெல்லா கொண்டுபோன பொரித்த கோழியைப் பிரிக்கவேயில்லை. அவள் கட்டில் ஓரமாக வந்து நின்றாள்.

"கிளியோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மொதல் சுத்துலயே அந்த மூடியச் சாத்தியிருக்கலாம். கை வெச்சுட்டேன். சாத்தல."

"பயமா?"

"இல்ல. கேட்டுக்கிட்டு நின்னுட்டேன். அவ்ளோ நல்லா இருந்துச்சு. அதுக்கு உன் கால் போச்சு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திட்டுவான், போகச் சொல்லுவான் என்று அவள் காத்திருந்தாள்.

"நான் ஏன் நிறுத்துனேன்னு நெனைக்கிற, அக்கா?" என்றான். "நக்கலுக்கா? என் சத்தத்துல அந்த ஆளோட எடக்கை சரியா கேக்கல. அதான் குச்சிய மடியில வெச்சேன்."

சொல்லும்போதே அவன் தோள்கள் குலுங்கின. ஒடெல்லா கட்டிலில் உட்கார்ந்து அவன் தலையைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது.