ஆளுக்கொரு விலங்கு

விண்ணரசிக்குத் தமிழ் என்றால் உயிர். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் அப்பா சகாயநாதன் மாதா கோவிலில் பூசை முடிந்த கையோடு கழகக் கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்காருகிற மனிதர். கழகம் ஆட்சிக்கு வந்து, நமஸ்காரம் போய் வணக்கம் வந்த காலம் அது. மகள் அப்பாவையே மிஞ்சினாள். யாராவது சந்தோஷம் என்று சொன்னால் போதும், மகிழ்ச்சி என்று திருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். சந்தோஷப்பட்டவனுக்கு அந்தச் சந்தோஷமே போய்விடும்.

அப்படிப்பட்டவளைச் சீர்காழிக்குக் கிழக்கே ஓர் ஊரில், கூலிக்கார சனங்கள் குடியிருக்கும் கீழத்தெருவில், பால்வாடி டீச்சராகப் போட்டார்கள். டீச்சர் என்று கூப்பிடாதீர்கள், ஆசிரியை என்று கூப்பிடுங்கள் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். அது மட்டும் நடக்கவில்லை.

பால்வாடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கீற்றுக் கொட்டகை, ஓர் அடுப்பு, கஞ்சி காய்ச்ச நாகம்மாள். தாய்மார்கள் விடிந்ததும் பிள்ளையை விட்டுவிட்டு வயலுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். இதற்கும் வந்தது ஆபத்து. மேலத்தெரு மிராசுதார், பால்வாடிக்குத் தன் தெருவில் ஓட்டுக் கட்டடமே தருகிறேன் என்று மனுப் போட்டார். தர்ம சிந்தனை ஒன்றும் இல்லை. கீழத்தெருப் பிள்ளை அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது என்பது ஊருக்கே தெரியும். குறுவை அறுப்பில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட சனங்களுக்கு அவர் காட்டிய வஞ்சம் அது. அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்; பிள்ளைகள் இருந்தால் பால்வாடி இங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் மேலத்தெருவுக்குப் போய்விடும். அவ்வளவுதான் பேச்சு.

அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முந்திதான் அரசாங்கம் அனுப்பிய ஒரு பெட்டி வந்தது. பிரித்தால், புது பிளாஸ்டிக் வாசனையோடு குட்டிக் குட்டிப் பொம்மைகள். சிங்கம், புலி, யானை, கரடி, கழுத்து நீண்ட ஒட்டகச்சிவிங்கி. எருமையும் நரியும் தவிர வேறொன்றைக் கண்டறியாத பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! விண்ணரசி பூரித்துப்போனாள். மிருகம் என்ற வடசொல் அவள் நாக்கில் வராது, எல்லாம் விலங்குதான். காண்டாமிருகம் ஒன்றுதான் இடித்தது. அதற்கும் மூக்குக்கொம்பன் என்று பேர் வைத்து ஆறுதல் பட்டுக்கொண்டாள்.

பெட்டியை மூடி வைத்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பிய பிள்ளைகளிடம் சொன்னாள்: “நாளைக்குச் சீக்கிரம் வந்துடணும். ஆளுக்கொரு விலங்கு கையில தருவேன். ஆனா ஒண்ணு, விலங்கோட யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. இங்கயேதான் இருக்கணும், சரியா?”

பிள்ளைகள் வாயடைத்து நின்றன. மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு குஞ்சு குளுவான்கூட வரவில்லை. கஞ்சி ஆறி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. விண்ணரசி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். நாளைக்கு அதிகாரி வந்து இந்தக் காலிக் கொட்டகையைப் பார்த்தால் கதை முடிந்தது.

“என்ன நாகம்மா, ஊர்ல திருவிழாவா?”

“நல்லா கேட்டீங்க போங்க! நீங்க சொன்ன சொல்லுக்கு யாரு புள்ளைய அனுப்புவா?”

“நான் என்ன சொன்னேன்?”

“அத எங்கிட்ட கேக்காதீங்க டீச்சர். செவ்வந்தியப் போய்க் கேளுங்க.”

செவ்வந்தியின் புருசன் தங்கையன் சிறையில் இருந்தான். குறுவை அறுப்புக்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கியபோது வரப்பில் நின்று மறித்தவர்களில் அவனும் ஒருவன். போலீஸ் வந்து, அவர்கள் கையில் விலங்கு மாட்டி, பட்டப்பகலில் கீழத்தெரு வழியாகவே நடத்திக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்கள். அவன் மகள் ராமாயி, நாலு வயசு, வண்டி மறையும்வரை வாய்க்கால் கரையில் ஓடினாள்.

விண்ணரசி பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். செவ்வந்தி மகளை மடியில் இறுக்கிப் பிடித்தபடி குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை.

“பச்சப் புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு டீச்சர்? ஆளுக்கொரு வெலங்கு மாட்டுவேன், வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னீங்களாமே! அப்பனுக்கு மாட்டுனது பத்தலயா? மேலத்தெருவுல சொல்லி விட்டாங்களா?”

விண்ணரசிக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கியதும், பாவி, சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அவசர அவசரமாகப் பெட்டியைத் திறந்து பொம்மைகளைத் தரையில் பரப்பினாள்.

“இதைத்தாங்க சொன்னேன். சத்தியமா இதைத்தான்.”

பெண்கள் கூடிவிட்டார்கள். “அட, மிருகப் பொம்ம!” என்றாள் ஒருத்தி. “மிருகம்னு சொல்லித் தொலைச்சா என்னவாம்? வாய் வெந்துடுமா?” என்றாள் இன்னொருத்தி. தெருவே சிரித்தது. செவ்வந்திகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைகள் பொம்மைகள் மேல் விழுந்து பிடுங்கின.

விண்ணரசி அத்தோடு விட்டிருக்கலாம். கர்வம் விடுமா? யாரும் சீந்தாமல் கிடந்த மூக்குக்கொம்பனை எடுத்து ராமாயி கையில் வைத்தாள்.

“பாத்தியா கண்ணு, இதுதான் விலங்கு. இதுக்கா பயந்தே? இது கடிக்காது, குத்தாது. கையில வச்சு விளையாடத்தான்.”

ராமாயி அந்தக் கொம்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

அடுத்த நாள் பால்வாடி நிரம்பி வழிந்தது. அதிகாரி ஜீப்பில் வந்தார். அவரும் தமிழ் அபிமானி. வாசலில் நுழையும்போதே வணக்கம் என்ற சொல்லை ரசித்துச் சொன்னார். கஞ்சியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், ராமாயி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“கையில என்னம்மா வச்சிருக்கே?”

“வெலங்கு.”

“அடடா! கேட்டீங்களா? பட்டணத்துப் பிள்ளைங்களே மிருகம்னுதான் சொல்லுது. நல்லா நடத்துறீங்கம்மா. இதை எதுக்கு மாத்தணும்? இங்கயே இருக்கட்டும்.”

விண்ணரசிக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது ராமாயி அதிகாரியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்கப்பா கையிலயும் போலீசு இதத்தான் குடுத்தாங்க. அது ஒண்ணும் பண்ணாது. எங்கப்பா அங்க வெளயாடிக்கிட்டு இருக்காரு. இல்ல டீச்சர்?”

அதிகாரி விண்ணரசியைப் பார்த்தார். பிள்ளையும் அவளைத்தான் பார்த்தது. ஒரு தலையாட்டல் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். தன் சொல்லைக் காப்பாற்றிக்கொள்ள இந்தச் சின்ன உயிரிடம் என்னத்தைச் சொல்லி வைத்துவிட்டோம் என்று விண்ணரசிக்கு வெட்கமாக இருந்தது. தரையில் உட்கார்ந்தாள்.

“இல்லடா கண்ணு. டீச்சர் தப்பாச் சொல்லிட்டேன். இது மிருகம். அப்பாவுக்குப் போட்டது வேற. அது இரும்பு.”

“வலிக்குமா?”

“வலிக்கும்.”

ராமாயி வீறிட்டு அழுதாள். விண்ணரசி அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள். அதிகாரி எழுந்து, “இங்கயே இருக்கட்டும்னு சொன்னதுதான், அதுல மாத்தமில்ல” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பால்வாடி பிழைத்தது. உண்மையைச் சொல்லியும் பிழைத்ததே என்று விண்ணரசிக்குப் பெரிய நிம்மதி.

அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும் இருந்தது. நாற்றங்காலில் நாற்றுப் பறித்த சேறு காயாமல் செவ்வந்தி வந்தாள். ராமாயி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பாவுக்கு வலிக்குமாம் அம்மா. டீச்சர் சொன்னாங்க.”

செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். “நெசமாவா சொன்னீங்க?”

“பொய் சொல்ல மனசு வரல செவ்வந்தி.”

“அவரப் புடிச்சுட்டுப் போனதுலேருந்து நேத்து ஒரு ராத்திரிதான் டீச்சர் இது அழுவாமத் தூங்குச்சு. அப்பா வெளயாடுறாருன்னு எங்கிட்டயும் சொல்லுச்சு. நானும் ஆமாம்னேன்.”

விண்ணரசி “நாளைக்கு அனுப்புவீங்கல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

“அனுப்பாம? தாளடி நடவு ஆரம்பிச்சாச்சு, இதத் தூக்கிக்கிட்டு நான் எங்க போறது?” செவ்வந்தி பிள்ளையின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள். சேறு ஒட்டிக்கொண்டது. “ராத்திரி அழுதா நான் பாத்துக்கறேன். பகல்ல அழுதா நீங்கதான் தூக்கி வச்சுக்கணும். நீங்கதானே சொன்னீங்க.”

“தூக்கி வச்சுக்கறேன்” என்றாள் விண்ணரசி.